தலைக்கு மேல் ஒரு தகரச் சித்திரம்

வீட்டிலே எல்லோருடைய கண்ணுக்கும் எட்டுவதாயிருந்தும் ஒருவருடைய கவனத்துக்கும் எட்டாத பகுதி ஒன்று உண்டு. தரையைத் தினந்தோறும் பெருக்கி மெழுகுகிறோம். வாசலில் கோலம் இடுகிறோம். சுவருக்கு வர்ணம் பூசிப் படங்கள் மாட்டுகிறோம். ஆனால் தலைக்கு மேலே இருக்கும் விதானத்தை, அங்கே ஒட்டடை தொங்கினாலொழிய, நாம் நிமிர்ந்து பார்ப்பதில்லை. விதானத்தை நன்றாக அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டே வகையினர். ஒன்று தொட்டிலில் மல்லாந்து கிடக்கும் குழந்தை. மற்றொன்று பல நாள் படுக்கையில் கிடக்கும் நோயாளி.

இந்த இரு சாராருக்கும் பேருபகாரம் செய்த கைத்தொழில் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் தோன்றிற்று. மெல்லிய இரும்புத் தகட்டில் பூவும் கொடியும் புடைத்து நிற்கும்படி அச்சடித்து, அதை வீட்டின் விதானத்தில் அறைந்து வெள்ளை வர்ணம் பூசும் தொழில் அது. செல்வர் மாளிகைகளில் மட்டுமே காணக்கூடியதாயிருந்த அலங்காரம் அதனால் மளிகைக் கடைக்காரர் தலைக்கு மேலும், பள்ளி உபாத்தியாயர் தலைக்கு மேலும் வந்து சேர்ந்தது. அந்தத் தகர விதானத்தின் கதையில் நமக்கும் யோசிக்கத் தக்க விஷயங்கள் சில இருக்கின்றன.

சுதை வேலையும் அதன் தொல்லையும்

ஐரோப்பாவில் பிரபுக்களின் மாளிகைகளுக்குச் சுதை வேலையே விதானத்தின் அணியாக இருந்து வந்தது. கைதேர்ந்த தொழிலாளிகள் சாரத்தின் மேல் நின்றுகொண்டு சாந்தினால் மாலைகளும், இலைக் கொத்துக்களும், மனித முகங்களும் சமைப்பார்கள். அதற்குப் பொருளும் வேண்டும், காலமும் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, தொழிலறிந்த கைகள் வேண்டும்.

அமெரிக்காவில் 1870-க்குப் பிறகு ரயில் பாதை சென்ற இடமெல்லாம் புதிய ஊர்கள் முளைத்தன. அவ்வூர்களில் கடைத்தெரு, வங்கி, மாதா கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் சில வருஷங்களுக்குள் எழுந்தன. ஆனால் சுதை வேலைக்காரர்கள் அத்தனை ஊர்களுக்கும் எங்கிருந்து வருவார்கள்? சாதாரணமான காரைப் பூச்சு விதானம்தான் ஜனங்களுக்குக் கிடைத்தது. அதுவும் நிம்மதியாக இருக்க விட்டதா என்றால், இல்லை.

அந்தக் காலத்துக் காரை விதானம் எப்படி நிற்கிறது என்பதை அறிந்தால் அதன் தொல்லையும் விளங்கும். உத்தரங்களின் அடியில் விரற்கடை அகலமுள்ள மரச் சட்டங்களைச் சிறு சிறு இடைவெளி விட்டு அடிப்பார்கள். அதன் மேல் ஈரச் சாந்தை அழுத்தி அப்பும்பொழுது, சாந்து இடைவெளிகளின் வழியே மறுபுறம் பிதுங்கி, சட்டத்தின் முதுகில் கொக்கி போல் மடிந்து உலர்ந்துவிடும். விதானம் முழுவதையும் தாங்கி நிற்பவை கண்ணுக்குத் தெரியாத இந்தக் கொக்கிகளே. மேல்மாடியில் நடமாட்டம் அதிகமானாலும், கூரை ஒழுகினாலும், மரம் வற்றிச் சுருங்கினாலும் கொக்கிகள் ஒவ்வொன்றாக முறியும். கீழே இருப்பவர்களுக்கு முதலில் ஒரு விரிசல் தென்படும். பிறகு ஒரு தொய்வு. பிறகு ஒரு நாள் சாப்பாட்டு மேஜையின் மீது விதானமே வந்து இறங்கும்!

இறங்குவதும் இலேசான பொருளல்ல. மூன்று பூச்சுள்ள காரை விதானம் சதுர அடிக்கு எட்டுப் பவுண்டு எடைக்குக் குறையாது. பதினைந்தடி நீளமும் பன்னிரண்டடி அகலமும் உள்ள ஓர் அறைக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். 180 சதுர அடி. சுமார் 1,440 பவுண்டுச் சுமை! அதே அறைக்குத் தகர விதானம் அடித்தால் தகட்டின் எடை சதுர அடிக்கு அரைப் பவுண்டு வீதம் 90 பவுண்டுதான். வீட்டுத் தலைவிகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திராவிட்டாலும், அதன் பொருளை உச்சி மண்டையினால் உணர்ந்திருந்தார்கள்.

தகரம் என்ற பெயர்

இதை அமெரிக்கர் தகர விதானம் என்றே அழைத்தனர். உண்மையில் அது பெரும்பாலும் எஃகுத் தகடுதான். சில வகைகளில் மட்டும் தகரப் பூச்சோ, ஈயம் கலந்த தகரப் பூச்சோ உண்டு. பெயர் இப்படி இடம் மாறுவது அவர்களுக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. நாமும் தகரக் கொட்டகை என்று சொல்லுகிறோம். அதன் கூரையில் இருப்பது துத்தநாகம் பூசிய இரும்பு. மெல்லியதாகவும், மலிவாகவும், தட்டினால் ஓசை எழுப்புவதாகவும் இருந்தால் அது தகரம். அதற்குமேல் ரசாயன ஆராய்ச்சி செய்ய ஜனங்களுக்கு அவகாசம் ஏது?

ஆனால் அசல் தகரத் தகட்டின் கதை வேறொன்று உண்டு. சுதேசியத்தில் நாட்டமுள்ளவர்கள் அதை அறிந்து கொள்வது நன்று. 1890 வரையில் அமெரிக்கா தனக்கு வேண்டிய தகரத் தகட்டில் ஏறக்குறைய முழுவதையும் பிரிட்டனிலுள்ள தென் வேல்ஸ் பிரதேசத்திலிருந்து வரவழைத்துக் கொண்டிருந்தது. அங்கே லனெத்லி என்ற ஊருக்குத் ‘தகரபுரி’ என்று பொருள்படும் பட்டப்பெயரே வழங்கியது. இரும்பும் நிலக்கரியும் மலை மலையாகக் குவிந்து கிடந்த அமெரிக்கா, பழத்தை அடைக்கும் டப்பாவுக்குக்கூடக் கடல் கடந்த நாட்டை எதிர்பார்த்திருந்தது.

1890-ல் மக்கின்லி என்பவரின் பெயரால் வழங்கும் சுங்கச் சட்டம் நிறைவேறியது. தகரத் தகட்டின் மீதிருந்த வரி பவுண்டுக்கு ஒரு சென்ட்டிலிருந்து 2.2 சென்ட்டாக ஏறிற்று. 1891 ஜூலை முதல் தேதி அது அமுலுக்கு வந்தது. அதன் பிறகு பென்ஸில்வேனியா, ஓஹையோ, இந்தியானா மாகாணங்களில் உருளை ஆலைகள் வரிசையாக எழுந்தன. வேல்ஸ் நாட்டு ஆலைகள் பல மூடப்பட்டன. அங்கே வேலையிழந்த தொழிலாளிகளே கப்பலேறி வந்து அமெரிக்க ஆலைகளில் உருளை பிடித்தார்கள்! ஒரு தேசத்தின் வரிச் சீட்டு மற்றொரு தேசத்தின் அடுப்பை அணைத்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நாம் அதில் மகிழ்ச்சி கொள்வதற்கும் இடமில்லை. பட்டினி கிடந்தவர்கள் சுங்கச் சட்டம் எழுதியவர்கள் அல்லவே.

நம் நாட்டில் 1920-ல் ஜாம்ஷெட்பூரை அடுத்த கோல்முரியில் தகரத் தகட்டு ஆலை ஒன்று நிறுவப்பட்டது. மண்ணெண்ணெய் டின்களுக்கான தகடே அங்கு முக்கியமான சரக்கு. 1924-ம் வருஷத்து எஃகுத் தொழில் பாதுகாப்புச் சட்டம் அதற்கும் அரணாக அமைந்தது. அமெரிக்கர் முப்பது வருஷங்களுக்கு முன் கற்ற பாடத்தின் ஒரு சிறு பகுதி அவ்வாறு நமக்கும் வந்து சேர்ந்தது எனலாம்.

பூ மலர்ந்த விதம்

மெல்லிய எஃகுத் தகட்டை மலிவாக உருட்டும் ஆலைகள் ஏற்பட்ட பின்பு, அதில் சித்திரம் எழுப்புவது அடுத்த காரியம். முதலில் அலையலையாக நெளிந்த சாதாரண இரும்புத் தகடுகளையே சிலர் விதானத்தில் அடித்தனர். கொட்டகை போல் தோன்றிய அதை வீட்டார் விரும்பவில்லை. 1880-க்குப் பிறகுதான் புடைப்புச் சித்திரத் தகடுகள் பரவின.

தஞ்சாவூர்த் தட்டு செய்வோரையும், சுவாமிக்கு வெள்ளிக் கவசம் அடிப்போரையும் நாம் பார்த்திருக்கிறோம். ஒரு தகட்டை வைத்துச் சிறு சுத்தியினால் ஆயிரம் முறை தட்டி ஓர் உருவத்தை எழுப்புகிறார்கள். அமெரிக்கர் அந்த ஆயிரம் தட்டுக்களையும் ஒரே அடியில் முடிக்க வழி தேடினர். ஒரு சிற்பி முதலில் களிமண்ணிலோ சாந்திலோ மாதிரியைச் செய்வான். அதைப் பார்த்து வார்ப்பிரும்பினால் கீழ் அச்சு வார்ப்பார்கள். அதற்கு இணையாக அதன் பள்ளங்களில் பொருந்தும்படி மேல் அச்சு ஒன்று வார்ப்பார்கள். மேல் அச்சு ஒரு பெருஞ் சம்மட்டியின் முகத்தில் பொருத்தப்படும். வடத்தினால் சம்மட்டியை உயரத் தூக்கிச் சடக்கென்று விட்டால், இடையிலே வைத்த தகட்டில் மாலையும் மலரும் பதிந்துவிடும். ஆழமான சித்திரமாயின் ஒரே அடியில் தகடு கிழிந்துபோகும். ஆகையால் பல அடிகளில் சிறிது சிறிதாக எழுப்புவார்கள். வடத்தைப் பிடிப்பவனுடைய கைக்கணக்குத்தான் அதற்கு அளவுகோல். யந்திரம் என்று சொன்னாலும் மனிதனுடைய கை அங்கிருந்து முற்றும் போய்விடவில்லை.

மிஸ்ஸௌரி மாகாணத்தில் நெவாடா என்ற சிற்றூரில் 1898-ல் தொடங்கப்பட்ட டபிள்யூ. எப். நார்மன் ஸ்தாபனம் இத்தொழிலில் பெயர் பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் ஆர்வம் அமெரிக்காவில் எழுந்தபோது, அந்த ஸ்தாபனத்தார் தங்களுடைய பழைய அச்சுக்களையும், வடத்தால் இழுக்கும் சம்மட்டிகளையும் கொண்டே மறுபடியும் தகடு அடித்தார்கள். பாட்டனார் காலத்துப் பூ, பேரன் காலத்தில் அதே அச்சில் மலர்ந்தது.

தபாலில் வந்த விதானம்

விற்பனை செய்த முறையும் புதுமையானதே. கம்பெனிகள் படங்கள் நிறைந்த மாதிரிப் புத்தகங்களை ஊர் ஊராக அனுப்பின. தபால் வியாபாரத்தில் பிரஸித்தி பெற்ற ஸியர்ஸ் ரோபக் கம்பெனியின் விலைப் பட்டியலில் சட்டை, தையல் யந்திரம் முதலியவற்றோடு விதானத் தகடும் இடம் பெற்றது. வீட்டுக்காரர் தமது அறையை அளந்து, கணப்பு மாடம் எங்கே, ஜன்னல் எங்கே என்று ஒரு கோட்டுப்படம் வரைந்து அனுப்பினால் போதும். கம்பெனியின் சித்திரக்காரர்கள் அதற்கேற்பத் தகடுகளை வகுத்து, நூறு சதுர அடிக்கு இன்ன விலை என்ற கணக்குடன் திருப்பி அனுப்புவார்கள். பிறகு தகடுகள் மரப்பெட்டியில் அடைபட்டு ரயிலேறி வந்து சேரும்.

பெட்டியிலிருந்து வருபவை மூன்று வகை. நடுப்பரப்பை நிரப்பும் தகடு ஒன்று. அது இரண்டடிச் சதுரமாகவோ, இரண்டடி அகலமும் எட்டடி நீளமுமாகவோ இருக்கும். சித்திரம் மூன்று, ஆறு, பன்னிரண்டு, இருபத்து நான்கு அங்குலங்களில் ஒன்றாக மீண்டும் மீண்டும் வரும். நடுப்பரப்பைச் சுற்றி வரும் கரைத் தகடு இரண்டாவது. சுவரும் விதானமும் கூடும் மூலையை மூடி வளைந்து இறங்கும் கொடுங்கைத் தகடு மூன்றாவது. புடவைக்கு உடல், கரை, முந்தானை என்று இருப்பதுபோல விதானத்துக்கும் இந்த மூன்றும் உண்டு என்று கொண்டால் தவறாகாது.

அடிக்கும் வேலையைச் சாதாரணத் தச்சரே செய்யலாம். முதலில் உத்தரங்களுக்குக் குறுக்கே அடிக்கு ஒன்றாக ரீப்பர் கட்டைகளை அடிக்க வேண்டும். பழைய காரை விதானம் விரிசல் கண்டிருந்தாலும் அதை இடிக்க வேண்டியதில்லை. அதன் மேலேயே ரீப்பரை அடித்துவிடலாம். அறையின் நடுவை அறியக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கயிறுகள் கட்டி, அவை சந்திக்கும் இடத்திலிருந்து ஆரம்பித்து நான்கு பக்கமும் பரவிச் செல்ல வேண்டும். மூலையிலிருந்து ஆரம்பிப்பவர் மறு மூலையில் பாதிப் பூவோடு நின்று விழிக்க நேரும்! ஒரு தகட்டின் விளிம்பு அடுத்ததன் மேல் சிறிது ஏறும்படி வைத்து, விளிம்பிலுள்ள மணி வரிசையில் ஆணி அறைவார்கள். ஆணித் தலையும் ஒரு மணி போலவே தோன்றும். ஏறும் விளிம்பு வாசற்படியில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாத திசையில் அமைய வேண்டும் என்பது தொழிலாளர் ரகசியம். கடைசியில் மழுங்கின உளியால் இணைப்புக்களை மெல்லத் தட்டி இறுக்கி, எண்ணெய் வர்ணம் பூசிவிட்டால் வேலை முடிந்தது. காரை உலர்வதற்காக வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். வீடெங்கும் சாந்து சிதறவும் வேண்டாம்.

இசைக்கு அஞ்சிய விதானம்

அமெரிக்காவைப் போலவே இந்தத் தொழில் தழைத்த மற்றொரு நாடு ஆஸ்திரேலியா. அங்கே அதற்கு வித்திட்ட சம்பவம் சுவையானது.

சிட்னி நகர மண்டபத்தில் சென்டெனியல் ஹால் என்னும் பெரிய சபா மண்டபம் 1889-ல் திறக்கப்பட்டது. அதில் வைப்பதற்காக லண்டன் நகரத்து வில்லியம் ஹில் கம்பெனியாரிடம் ஒரு பேரார்கன் வாத்தியம் செய்யச் சொல்லியிருந்தார்கள். 1890-ல் அது முழங்கத் தொடங்கியபோது உலகத்திலேயே அதைவிடப் பெரிய ஆர்கன் இல்லை. அதன் மந்தர ஸ்வரக் குழல்களில் மிகப் பெரியது அறுபத்து நான்கு அடிக் கணக்கைச் சேர்ந்தது. அதன் நாதம் காதுக்குக் கேட்பதைவிட நெஞ்சுக்கும் நாற்காலிக்கும் அதிகமாகத் தெரியும்.

மண்டபத்தைக் கட்டியவர்களுக்கு ஒரு கவலை பிறந்தது. இத்தகைய நாதம் முழங்கினால் காரை விதானத்தின் கொக்கிகள் என்ன ஆகும்? ஸங்கீதத்தைக் கேட்டு ரஸிகர்கள் தலையை ஆட்டலாம், விதானம் ஆடலாமா? அப்பொழுது லண்டனிலிருந்து 1885-ல் சிட்னிக்கு வந்து சேர்ந்திருந்த எர்னஸ்ட் வுண்டர்லிக் என்ற வியாபாரி அதற்கு வழி கூறினார். காரைக்குப் பதிலாகச் சித்திரம் பதித்த துத்தநாகத் தகடுகளால் அந்தப் பெரிய விதானம் அமைக்கப்பட்டது. ஆர்கன் முழங்கிற்று, விதானம் அசையவில்லை. அந்தத் தகடுகள் ஒரு நூற்றாண்டைக் கடந்தும் நிலைத்து நின்றன. வுண்டர்லிக் தாமே இசையில் பெரும் ஈடுபாடு உடையவர் என்பது இந்தக் கதைக்குப் பொருத்தமான செய்தி.

பிறகு அவரும் அவருடைய சகோதரர்களான ஆட்டோ, ஆல்பிரட் இருவரும் சிட்னியில் ரெட்பர்ன் பகுதியில் தொழிற்சாலை நடத்தினார்கள். தகட்டு விதானம் ஆஸ்திரேலியா எங்கும் பரவியது. ஆரம்பத்தில் சித்திரங்களெல்லாம் ஐரோப்பியப் பாணியில்தான் இருந்தன. அகாந்தஸ் இலையும், கிரேக்கக் கோலமும், பிரெஞ்சு மாலையும். ஆஸ்திரேலிய மண்ணின் பூக்களையே அலங்காரத்துக்கு எடுத்தாள வேண்டும் என்று சிட்னியில் வாதாடி வந்தவர் லூசியன் ஆன்ரி என்ற பிரெஞ்சுச் சித்திரக்காரர். நகர மண்டபத்தின் வர்ணக் கண்ணாடி ஜன்னல்களை வரைந்தவரும் அவரே. நாளடைவில் வரட்டா என்னும் செந்நிற மலர் முதலிய அந்நாட்டுப் பூக்கள் தகட்டிலும் மலர்ந்தன. பிறநாட்டு அச்சில் தன் நாட்டுப் பூவைப் பதிப்பது சிறு காரியம்தான். ஆனால் ஒரு ஜன சமூகம் தன்னைத் தானே அறிந்து கொள்ளத் தொடங்குவது பெரும்பாலும் இத்தகைய சிறு காரியங்களிலேதான்.

இது பொய்யா?

இங்கே ஒரு வழக்கைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தின் கலா விமரிசகர் ஜான் ரஸ்கின் 1849-ல் வெளியிட்ட ‘கட்டடக் கலையின் ஏழு விளக்குகள்’ என்ற நூலில், யந்திரத்தினால் செய்த அலங்காரமும், ஒரு பொருளை மற்றொரு பொருள் போலத் தோன்றச் செய்வதும் வஞ்சகம் என்று கண்டித்திருக்கிறார். ஓர் அலங்காரத்தின் மதிப்பு அதைச் செய்த மனிதன் அதில் வைத்த கருத்திலும் உழைப்பிலும் இருக்கிறது என்பது அவருடைய கொள்கை. இத்தராசில் வைத்தால் தகர விதானம் இரண்டு குற்றங்களுக்கும் உட்பட்டது. யந்திரம் அடித்தது ஒன்று. வெள்ளை பூசிச் சுதை வேலை போல வேஷம் போட்டது மற்றொன்று.

கைத்தொழிலின் பெருமையை அறிந்த நாம் ரஸ்கினின் வார்த்தையை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரே அச்சில் பதினாயிரம் பூ மலர்ந்தால், பதினாயிரத்தோராவது பூவை நினைத்துச் செய்யும் கைக்கு வேலை ஏது? ஆயினும் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கான்ஸாஸ் மாகாணத்தில் ஒரு கடைக்காரருக்கோ, ஒரு பள்ளிக்கூடத்துக்கோ தகர விதானம் கிடைக்காவிட்டால் சுதைச் சிற்பம் கிடைத்திருக்குமா? கிடைத்திராது. விரிசல் விட்ட வெற்றுக் காரைதான் கிடைத்திருக்கும். தகரம் சிற்பியின் வாயிலிருந்து சோற்றைப் பறித்தது என்பதைவிட, சிற்பி ஒருநாளும் ஏறிவராத படிகளில் அது ஏறிச் சென்றது என்பதே பெரும்பாலும் உண்மை.

வேஷம் போட்ட குற்றம் வேறு. அதை நாம் மன்னிப்பதற்கில்லை. ஆனால் அது தகரத்தின் குற்றமன்று, விற்றவருடைய குற்றம். தகடு தகடாகவே இருந்து, தனக்குரிய கூர்மையான விளிம்போடும் மெல்லிய ஒளியோடும் நின்றபொழுது அதற்கென்று ஓர் அழகு இருந்தது. தகடாக வந்த வரட்டா மலரிடம் நமக்கு வழக்கு ஒன்றும் இல்லை.

நெருப்பைப் பற்றிய பேச்சு

விற்றவர்கள் சொன்ன மற்றொரு வார்த்தையையும் சோதித்துப் பார்ப்பது அவசியம். 1871-ல் சிகாகோ நகரம் பற்றியெரிந்த பிறகு அமெரிக்கருக்கு நெருப்பைப் பற்றிய பயம் பெரிதாயிருந்தது. இரும்பு எரியாது, ஆகையால் இரும்பு விதானம் வீட்டைக் காக்கும் என்று கம்பெனிகள் விளம்பரம் செய்தன.

இதில் பாதி உண்மை. தகடு தானாகத் தீப்பிடிக்காது. பறந்து வரும் பொறியைச் சிறிது நேரம் தடுக்கும். ஆனால் மெல்லிய எஃகுக்கு உஷ்ணத்தைத் தடுக்கும் சக்தி கிடையாது. கீழே நெருப்பு வலுத்தால் தகட்டின் வழியே உஷ்ணம் ஊடுருவி, பின்னாலுள்ள ரீப்பர் கட்டைகளைக் கருக்கிவிடும். அதுமட்டுமல்ல, தகட்டுக்கும் உத்தரத்துக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தில் நெருப்பு ஒளிந்து ஓடும். தகடுகள் ஒன்றோடொன்று ஆணியால் பிணைந்திருப்பதால் தீயணைப்போர் அவற்றைப் பிய்த்தெறிந்து உள்ளே தண்ணீர் பாய்ச்சுவதும் கடினமான வேலையாயிற்று. கனமான காரைப் பூச்சு, தான் விழும் வரையிலாவது, இந்த ஒரு விஷயத்தில் மேலானது.

மறைவும் மறுபிறப்பும்

1890 முதல் 1930 வரையிலான நாற்பது வருஷங்களே தகர விதானத்தின் பொற்காலம். பிறகு அதன் செல்வாக்குத் தேய்ந்தது. இரண்டு காகிதங்களுக்கு நடுவே ஜிப்ஸம் சாந்தை வைத்துச் செய்த பலகைகள் அதைவிட மலிவாக வந்தன. அலங்காரமே வேண்டாம், வெறும் பரப்பே அழகு என்ற புதிய ருசியும் தோன்றியது. இரண்டாவது மகா யுத்தத்தில் எஃகு முழுவதும் ஆயுதங்களுக்கே தேவைப்பட்டதால் விதானத்துக்குத் தகடு கிடைக்கவில்லை. யுத்தத்துக்குப் பிறகு, குளிர்சாதனக் குழாய்களையும் மின்சாரக் கம்பிகளையும் மறைக்க ஒரு தாழ்ந்த பொய் விதானத்தைத் தொங்கவிடும் வழக்கம் வந்தது. ஆயிரக்கணக்கான தகரப் பூக்கள் அதற்கு மேலே இருட்டில் மறைந்தன.

ஆஸ்திரேலியாவில் இந்த மாறுதலுக்குத் துயரமான பின்கதை ஒன்று உண்டு. தகட்டு விதானத்துக்குப் பின்னர் அங்கே பரவிய மலிவான பலகைகளில் கல்நார் கலந்த சிமெண்டுப் பலகை ஒன்று. வுண்டர்லிக் கம்பெனியே அதையும் உற்பத்தி செய்தது. கல்நாரின் நுண்ணிய இழைகள் நுரையீரலில் புகுந்து, பல வருஷங்கள் கழித்து மூச்சுத் திணறலையும் புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது பிற்பாடு தெளிவாயிற்று. 2003-ம் வருஷ முடிவோடு அந்நாட்டில் கல்நார் முழுவதும் தடை செய்யப்பட்டது. மலிவு என்ற ஒன்றையே பார்த்து வீட்டுக்குள் ஒரு பொருளை அழைத்து வரும்போது, அதனுடன் என்ன வருகிறது என்பதை வெகு காலம் கழித்தே அறிகிறோம்.

1970-க்குப் பிறகு அமெரிக்காவில் பழைய கடைத்தெருக்களைக் காப்பாற்றும் இயக்கம் வலுத்தது. தாழ்ந்த பொய் விதானங்களைக் கழற்றியவர்கள் நிமிர்ந்து பார்த்துத் திகைத்தனர். நாற்பது வருஷம் ஒருவரும் பாராமலே அங்கே மாலைகள் வாடாதிருந்தன. அதன் பிறகு தகர விதானத்தை நாடுவோர் மறுபடியும் பெருகினர். எஃகோடு அலுமினியத்திலும் செம்பிலும் அதே சித்திரங்கள் அச்சாயின. பிளாஸ்டிக்கிலும் வந்தன. ஒரு காலத்தில் சுதையைப் போல் வேஷம் போட்ட தகரத்தை இப்பொழுது பிளாஸ்டிக் நகல் செய்கிறது. போலிக்கும் ஒரு போலி!

வைத்திருப்பவர்களுக்கு

பழைய தகர விதானம் உள்ள வீடுகளில் வசிப்போர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதற்பகை ஈரம். கூரையிலோ குழாயிலோ ஒழுக்கு இருந்தால் தகட்டின் முதுகில் துரு ஏறும். முகத்தில் தெரிவதற்குள் பாதி தின்றுவிடும். ஆகையால் வர்ணம் பூசுவதற்கு முன் ஒழுக்கை அடைக்க வேண்டும். துருவின் மேல் தண்ணீரில் கரைத்த வர்ணத்தை நேராகப் பூசினால் துரு பெருகுமேயன்றிக் குறையாது. துரு தடுக்கும் எண்ணெய்ப் பூச்சு முதலில் வேண்டும்.

இரண்டாவது பகை இன்னும் கொடியது. பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருந்தது. அமெரிக்காவில் வீட்டு வர்ணத்தில் ஈயம் சேர்ப்பதை 1978-ல்தான் தடுத்தார்கள். பழைய விதானத்தை உலர்ந்த நிலையில் சுரண்டித் தேய்த்தால் அந்த ஈயம் தூளாகி வீடெங்கும் படியும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். தலைக்கு மேலுள்ள வேலையாதலால் சுரண்டுகிறவர் மூக்கிலும் வாயிலும் நேரே விழும். இதை விஷயமறிந்தவர்களிடம் ஒப்படைப்பதே புத்திசாலித்தனம்.

புதிதாக அமைக்க விரும்புவோர் ஓசையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உலோகப் பரப்பு ஒலியை உறிஞ்சாது, திருப்பி அனுப்பும். தரையும் கல்லாகவோ மரமாகவோ இருந்தால் நாலு பேர் பேச்சு நாற்பது பேர் பேச்சாகக் கேட்கும். திரைச் சீலைகளும் விரிப்புக்களும் இருந்தால் அந்தத் தொல்லை குறையும்.

முடிவாக ஒரு வார்த்தை. அரண்மனை விதானத்தைப் பார்க்க ஜனங்கள் டிக்கெட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். தகர விதானம் அப்படிப் பார்ப்பதற்காக ஏற்பட்டதல்ல. கடையில் பற்று வரவு எழுதிக் களைத்தவர் சற்றே நாற்காலியில் சாய்ந்தபோதும், ஜுரத்தில் கிடந்த சிறுவன் மருந்து வேளைக்குக் காத்திருந்தபோதும், அவர்களுடைய கண்ணுக்கு ஓர் இடம் அது கொடுத்தது. அந்தச் சிறுவன் பூக்களை எண்ணியிருப்பான். மூலையில் எண்ணிக்கை தவறியிருப்பான். மறுபடியும் நடுவிலிருந்து எண்ணத் தொடங்கியிருப்பான். ரஸ்கினுடைய தராசில் இதற்கு என்ன எடை என்று நாம் அறியோம். ஆனால் மல்லாந்து படுத்திருப்பவனுக்கு எண்ணுவதற்குச் சில பூக்கள் இருக்க வேண்டும் என்று நினைத்த தொழில், அற்பமான தொழிலன்று.